பனிமலைப் பயணமும் வானிலை அறிக்கையும்

வெயிலும் மழையும் அன்றி வேறு பருவம் காணாத தீவு சிங்கப்பூர். இத்தீவில் இதுகாறும் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19 பாகை செல்சியஸ். அதுவும் 1989ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு நாள். ஆயினும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வந்துவிட்டால், நம் குடும்பங்களுள் பல, ஜப்பானின் ஹொக்கைடோவுக்கும் கொரியாவுக்கும் காஷ்மீருக்கும் பனி காணப் புறப்படுகின்றன. தேக்காவில் பொங்கற் கரும்பும் பானையும் வந்திறங்கும் முன்னரே, சில வீடுகளில் கம்பளிச் சட்டைகள் பெட்டியில் ஏறிவிடுகின்றன. காண்பதோடு நில்லாமல், காலிற் பலகை பூட்டிப் பனியில் சறுக்கவும் நம் இளைஞர் விரும்புகின்றனர்.

இது நமக்குப் புறம்பான கலை என்று ஒதுக்குவதற்கில்லை. 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாக மலேசியக் கொடியை நாட்டியவர்கள் எம். மகேந்திரன், என். மோகனதாஸ் என்னும் இரு தமிழர்களே. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாட்டிற் பிறந்தோரும் பனியின் இயல்பைக் கற்றுக்கொள்ள இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஆனால், கற்றாக வேண்டும். பயணத்திற்கு முன் நம்மவர் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "அங்கே பனி எவ்வளவு?" இக்கேள்வி போதாது. பனி மிகுதி என்னும் செய்தியே ஒருவனுக்கு இன்பச் செய்தியாகவும் எச்சரிக்கையாகவும் அமையக்கூடும். எவ்வளவு என்பதோடு, எந்த உயரத்தில், எத்தகைய பனி, எந்தக் காற்றில், எந்தச் சாய்வில் என்னும் நான்கையும் சேர்த்துக் கேட்பவனே வானிலை அறிக்கையைப் படித்தவன் ஆவான். அதனைப் படிக்கும் முறையை ஈண்டுக் காண்போம்.

பனி என்னும் ஒரு சொல்

முதல் இடர்ப்பாடு நம் சொல்லிலேயே இருக்கிறது. தொல்காப்பியர் காலந்தொட்டு முன்பனி, பின்பனி எனப் பருவங்களைப் பகுத்தவர் நாம். ஆயினும் அப்பனி, புல் நுனியில் விடியலில் நிற்கும் நீர்த்துளி. நீலகிரியில் டிசம்பர், ஜனவரித் திங்களில் புல்வெளியை வெளுக்கச் செய்வது உறைபனி. சாலையை மறைப்பது மூடுபனி. இம்மூன்றும் வானத்திலிருந்து பொழிவன அல்ல. நிலத்தின்மேலும் நிலத்தை ஒட்டிய காற்றிலும் உண்டாவன.

வானிலிருந்து விழுவனவற்றுள் ஆலங்கட்டி வேறு, வெண்பனி வேறு. இடிமேகத்துள் நீர்த்துளி மேலும் கீழும் அலைக்கழிக்கப்பட்டு, படலம் படலமாக உறைந்து, கல்போல் விழுவது ஆலங்கட்டி. 2013ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் விழுந்தது அதுவே. வெண்பனியோ, நீராவி நீராகாமல் நேரே அறுகோணப் படிகமாக வளர்ந்து, பஞ்சுபோல் மெல்ல இறங்குவது. ஒரே 'பனி' என்னும் சொல்லால் இவை யாவற்றையும் குறிக்கும்போது, கருத்தும் கலங்கிவிடுகிறது. கனடாவிலும் நார்வேயிலும் குடியேறிய ஈழத்தமிழர், வீட்டு வாயிலில் ஒவ்வொரு மாரியிலும் வெண்பனியை வாரித் தள்ளியே இவ்வேறுபாட்டைக் கற்றனர். நாம் சொல்லால் கற்போம்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே வரையறுத்துக் கொள்வது நன்று. பனித்திரள் மலையினின்று பெயர்ந்து வீழ்வதைப் பனிச்சரிவு என்கிறோம். மலையின் சரிந்த பக்கத்தையும் சரிவு என்றே கூறினால் மாணவர் மயங்குவர். ஆதலின், இக்கட்டுரையில் மலைப்பக்கத்தைச் சாய்வு என்றும், பெயர்ந்து வீழும் பனியைப் பனிச்சரிவு என்றும் குறிப்போம்.

எந்த உயரத்தில்?

சிங்கப்பூர் வானிலை ஆய்வு நிலையத்தின் அறிக்கையில் 'பிற்பகலில் பல இடங்களில் இடியுடன் மழை' என்று கண்டால், ஜூரோங்கில் கொட்டும் மழை சிராங்கூன் சாலையை நனைக்காமலும் போகலாம் என்பதை நாம் அறிவோம். இங்கே இடத்துக்கு இடம் வேறுபாடு கிடைமட்டமானது. மலைநாட்டிலோ வேறுபாடு செங்குத்தானது.

உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறையும். சிங்கப்பூருக்கு மேலேயும் ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் வெப்பநிலை 0 பாகையாகிறது. தேக்காவில் நம் குடைமேல் விழும் இடிமழையின் பெரும்பகுதி, அவ்வுயரத்துக்கு மேலே பனியாகவும் ஆலியாகவும் இருந்து, இறங்கும் வழியில் உருகியதே. நம் நிலம் அத்துணை உயர்ந்திருந்தால் நமக்கும் வெண்பனி கிடைத்திருக்கும். நம் மிக உயர்ந்த குன்றாகிய புக்கித் தீமாவோ 164 மீட்டரையும் எட்டவில்லை.

காஷ்மீரத்துக் குல்மார்க்கை எடுத்துக்கொள்வோம். ஊர் ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் ஊர்தி இரு கட்டமாக ஏறி, அபர்வத் மலைத்தோளில் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில் பயணியை இறக்கிவிடுகிறது. இடைப்பட்ட உயரம் 1,300 மீட்டர். ஊரில் வெப்பநிலை 2 பாகை என்று அறிக்கை கூறினால், மேலே அது சுழிக்குக் கீழே 6 பாகை அளவாக இருக்கும். ஊரில் ஈரமழை தூறும் அதே நேரத்தில் உச்சியில் உலர்ந்த பனி கொட்டும். ஆதலின் அறிக்கையில் முதலிற் பார்க்க வேண்டியது, அவ்வெண் எந்த உயரத்திற்கு உரியது என்பதே.

நல்ல மலை அறிக்கைகள் 0 பாகைக் கோடு எவ்வுயரத்தில் நிற்கிறது என்பதையும் தெரிவிக்கும். அக்கோட்டுக்குக் கீழேயும் ஏறக்குறைய 300 மீட்டர் வரை பனி முற்றும் உருகாமல் வந்து சேர்வதுண்டு. அதற்கும் கீழே மழைதான். கோடு ஊருக்கு மேலே ஏறிவிட்ட நாளில், பனி காணச் சென்ற குடும்பம் குடை பிடித்துத் திரும்பும்.

எவ்வளவு, எத்தகைய?

பனிச்சறுக்குத் தலங்கள் இரண்டு அளவுகளை வெளியிடும். ஒன்று, கடந்த 24 மணி நேரத்தில் விழுந்த புதுப்பனி. மற்றொன்று, தரையிலிருந்து மேற்பரப்பு வரையுள்ள மொத்தப் படிவு. புதுப்பனி மிகுந்திருந்தும் படிவு குறைந்திருந்தால், பாறையும் மரவேரும் மெல்லிய போர்வைக்கடியில் மறைந்திருக்கும். பலகை அவற்றில் மோதும். படிவு மிகுந்திருந்தும் பல நாளாகப் புதுப்பனி இல்லையேல், மேற்பரப்பு கெட்டிப்பட்டிருக்கும்.

வானிலையாளர் சிலவேளை பொழிவை மில்லிமீட்டர் நீராகவே குறிப்பர். பொதுக் கணக்கு இது: 10 மில்லிமீட்டர் நீர் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் பனியாகும். கடுங்குளிரில் விழும் உலர்பனி 15, 20 சென்டிமீட்டராகவும் உப்பி நிற்கும். சுழிப்பாகையை ஒட்டி விழும் ஈரப்பனி 5, 6 சென்டிமீட்டராக அமுங்கிவிடும். ஹொக்கைடோவின் பனி உலகப் புகழ் பெற்றதற்குக் காரணம் இதுவே. சைபீரியாவின் கடுங்குளிர்க் காற்று, அதனை நோக்க வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடந்து வருகையில் ஈரத்தை வாரிக்கொண்டு, ஜப்பானிய மலைகளில் மோதி, மாவுபோன்ற உலர்பனியாகக் கொட்டுகிறது. குல்மார்க்கிற்கோ, மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி வரும் காற்றழுத்தக் கலக்கங்கள் பனியைக் கொணர்கின்றன. முன்னது பருவம் முழுதும் அடிக்கடி பொழிவது. பின்னது இடைவெளி விட்டு, வந்தால் ஒருங்கே கொட்டுவது. இவ்வியல்பு அறிந்தவன் இரண்டு இடங்களுக்கும் ஒரே கணக்குப் போடான்.

நாளின் வேளையும் கருதற்பாலது. பகல் வெயிலில் நெகிழ்ந்த பனி இரவில் உறைந்து, காலையில் கண்ணாடிபோல் வழுக்கும், நண்பகலில் இளகும், பிற்பகலில் கஞ்சிபோல் கனக்கும். புதிதாகப் பயில்வோர்க்கு, இயந்திரத்தால் சீவிச் சமன் செய்யப்பட்ட சாய்வு, இளகத் தொடங்கும் முற்பகல் வேளையில் ஏற்றது.

ஜூரோங்கில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற உள்ளரங்கப் பனிநகரில் முதன்முதலாகப் பனியை மிதித்த சிறுவர் பலர். அங்கே குளிர் எந்நாளும் சுழிக்குக் கீழே 5 பாகை, சாய்வும் மாறாது. மலையில் காலையில் கண்ட பனி மாலையில் இராது என்பதைப் பெற்றோர் முன்னரே சொல்லி வைத்தல் வேண்டும்.

எந்தக் காற்றில்?

வெப்பநிலையை மட்டும் பார்த்து உடை தேர்வது பிழை. சுழிக்குக் கீழே 10 பாகைக் குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்த முகம் உணரும் குளிர் சுழிக்குக் கீழே 21 பாகைக்கு ஒப்பாகும். இதனைக் காற்றுக்குளிர் என அறிக்கைகள் தனியே குறிக்கும். குழந்தைகளின் காதும் விரலும் முதலில் பாதிக்கப்படும்.

காற்று இன்னொன்றும் செய்கிறது. வீசும் பக்கத்துப் பனியை அள்ளி, மலைமுகட்டைத் தாண்டி, மறுபக்கத்தில் குவிக்கிறது. வானிலிருந்து ஒரு துகளும் விழாத நாளிலும் மறைபக்கச் சாய்வில் ஒரு மீட்டர் புதுப்படிவு ஏறிவிடக்கூடும். 'பனிப்பொழிவு இல்லை' என்னும் வரியை மட்டும் படித்து, காற்றின் வேகத்தையும் திசையையும் படியாது விட்டவன், பாதி அறிக்கையையே படித்தவன்.

எந்தச் சாய்வில்?

சறுக்குச் சாய்வுகளுக்கு நிறக்குறி இட்டிருப்பர். ஆனால் நிறம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பாவில் நீலம் எளியது, சிவப்பு இடைப்பட்டது, கறுப்பு கடியது. வட அமெரிக்காவில் பச்சை எளியது, நீலம் இடைப்பட்டது. ஜப்பானில் பெரும்பாலும் பச்சை, சிவப்பு, கறுப்பு. ஐரோப்பாவில் நீலச் சாய்வில் பழகியவர், அமெரிக்காவிலும் நீலமே எளிதென்று புகுந்தால் இடர்ப்படுவார்.

சாய்வைச் சிலர் நூற்றுவீதத்திலும், சிலர் பாகையிலும் குறிப்பர். 100 மீட்டர் கிடைத்தொலைவுக்கு 40 மீட்டர் இறங்கினால் அது 40 விழுக்காடு. பாகையில் 22 மட்டுமே. 100 விழுக்காடு என்பது 90 பாகை அன்று, 45 பாகை. கணித ஆசிரியர்க்கு இது நல்ல பாடம். பாகைமானியின் நடுவில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் ஒரு சிறு குண்டைத் தொங்கவிட்டால், சாய்வளக்கும் கருவி ஆயிற்று. அதனைக் கொண்டு நம் அடுக்குமாடிப் படிக்கட்டை அளந்து பாருங்கள். 30 பாகையை ஒட்டி நிற்கும். அவ்வெண்ணை நினைவில் இருத்துக. பனிச்சரிவுகளுள் மிகப் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளிலேயே புறப்படுகின்றன. அதனினும் தாழ்ந்த சாய்வில் பனி பெரும்பாலும் தங்கிவிடும். மிக உயர்ந்த சாய்வில் சேராமலே உதிர்ந்துவிடும். நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் படிக்கட்டின் சாய்வே, பனிமலையில் அபாயத்தின் தொடக்கம்.

பனிச்சரிவு நிகழுமாறு

எங்கள் தோட்டப் பள்ளியில் இதனை விளக்க ஓர் எளிய முறையைக் கையாள்வதுண்டு. சாய்த்து வைத்த பலகைமேல் உளுந்தைப் பரப்பி, அதன்மேல் ஓர் அட்டையை மெல்ல வைத்தால், சிறிது நேரம் அசையாது நிற்கும். அட்டையின்மேல் ஒரு விரலை அழுத்தினால், முழு அட்டையும் ஒருசேர வழுக்கி விழும். மலையிலும் அவ்வாறே. மெல்லிய பழம்பனி, தெளிந்த கடுங்குளிர் இரவுகளில் பல நாள் கிடந்தால், அடிப்பகுதி சர்க்கரைப் பரல்போல் பிணைப்பற்றுப் போகிறது. அதன்மேல் கனத்த புதுப்பனி விழுந்து பாளமாக இறுகுகிறது. பின் ஒரு மனிதனின் எடையே போதும். பனிச்சரிவிற் சிக்கியோருள் பெரும்பாலோர்க்கு, அதனைக் கிளப்பிவிட்டவர் தாமோ தம் குழுவினருள் ஒருவரோதான்.

ஆதலின், பெரும்பனி கொட்டி ஓய்ந்து வானம் நீலமாய் விளங்கும் மறுநாள், கண்ணுக்கு இனிய நாள்; உயிர்க்குக் கொடிய நாளும் அதுவே.

இவ்வபாயத்தை 5 நிலைகளாக அளப்பர். 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 மிகுதி, 5 மிக மிகுதி. ஐரோப்பிய நாடுகள் இவ்வளவையை 1993இல் பொதுவாக ஏற்றன. இந்திய இமயத்திற்குச் சண்டிகரில் உள்ள பாதுகாப்புத்துறைப் புவித்தகவலியல் ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. 5இல் 3 என்றால் நடுத்தரம் என்று எண்ணுதல் தகாது. தேர்வில் 60 மதிப்பெண் பெற்றதுபோல் அன்று இது. ஒவ்வொரு படியிலும் அபாயம் பன்மடங்காகப் பெருகுகிறது. 4, 5 என்றால் பலரும் அஞ்சி வீட்டிலிருப்பர். 3 என்றால் துணிந்து செல்வர். அதனாலேயே மிகப் பல உயிர்கள் 3ஆம் நிலையில் போகின்றன.

புதையுண்டவரை 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அரைமணி நேரம் ஆகிவிட்டால் பத்தில் மூவரே எஞ்சுகின்றனர். ஆகவே, உதவிக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க அங்கே நேரமில்லை. உடன் வருவோரிடம் இருப்பிடம் காட்டும் கருவியும் மண்வாரியும் துழாவுகோலும் இருத்தல் வேண்டும். அவற்றைக் கையாளவும் பயின்றிருத்தல் வேண்டும்.

இத்துயரம் தமிழ் இல்லங்களையும் தொட்டதே. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், சியாச்சின் பனியாற்றுப் பகுதியில் 19,000 அடிக்கு மேலே இருந்த காவல்நிலையின்மேல் பனிச்சுவர் சரிந்து, மதராஸ் படைப்பிரிவின் 19ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த 10 வீரர் புதையுண்டனர். அவருள் நால்வர் தமிழ்நாட்டினர். கருநாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா ஒருவர் மட்டும் பல நாள் கழித்து உயிருடன் எடுக்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்தார். அவர்கள் கடமையின்பொருட்டு அங்கே நின்றவர்கள். விலகிச் செல்லும் உரிமை அவர்க்கில்லை. பயணிக்கு அவ்வுரிமை உண்டு.

குல்மார்க், 2024

மேற்கூறிய யாவும் ஒரே பருவத்தில் ஒருங்கே விளங்கியதைக் குல்மார்க்கில் காணலாம். காஷ்மீரத்தில் டிசம்பர் 21 முதல் 40 நாள், 'சில்லைக் கலான்' எனப்படும் கடுங்குளிர்க் காலம். வழக்கமாகப் பனி நிறைய வேண்டிய காலம் அது. ஆனால் 2024 ஜனவரியில் குல்மார்க்கின் புல்வெளிகள் பழுப்பு நிறமாய்க் கிடந்தன. பனி காணச் சென்றோர் ஏமாந்தனர். 'டிசம்பர், ஜனவரியில் பனி உண்டு' என்னும் சராசரிக் கணக்கை நம்பிச் சீட்டு வாங்கியவர்க்கு அவ்வாண்டு அது பயன்படவில்லை.

ஜனவரி இறுதியில் பனி வரத் தொடங்கிற்று. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் கடும்பனி கொட்டியது. பிப்ரவரி 21ஆம் நாள் அங்கே தேசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. மறுநாள் 22ஆம் தேதி, காவலுக்குட்பட்ட சாய்வுகளுக்கு அப்பால், கிலன்மார்க் பக்கத்தில் பனிச்சரிவு விழுந்தது. ரஷ்ய நாட்டுச் சறுக்கு வீரர் ஒருவர் உயிரிழந்தார். உடன் சென்றோர் மீட்கப்பட்டனர். அதே மலையில், கட்டப்பட்ட எல்லைக்குள்ளே போட்டிகள் நடந்தன.

ஒரு மாதம் முன்பு 'பனி இல்லை' என்று வருந்திய அதே ஊரில், 'பனி வந்தது' என்னும் செய்தி எச்சரிக்கையாயிற்று. எவ்வளவு என்னும் ஒரே கேள்வியால் இவ்விரண்டையும் அறிய இயலுமா?

பயணிக்குச் சில வரிகள்

பயணச்சீட்டு வாங்கும்போது சராசரியைப் பார்க்கலாம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னர் வரும் முன்னறிவிப்பைப் போக்கு என்று மட்டும் கொள்க, எண்ணை நம்பற்க. மூன்று நாளுக்குட்பட்ட முன்னறிவிப்பே திட்டமிடத் தக்கது. அதிலும் '10 முதல் 30 சென்டிமீட்டர்' என்று எல்லை காட்டும் அறிக்கை, ஒரே எண்ணை உறுதியாய்ச் சொல்லும் அறிக்கையினும் நேர்மையானது.

அங்குச் சென்றபின், ஒவ்வொரு காலையும் அன்றைய அறிக்கையைப் படிக்க வேண்டும். உயரம், புதுப்பனி, படிவு, காற்று, அபாய நிலை ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுதல் நன்று. கயிறு கட்டிய எல்லையைத் தாண்டாதிருத்தல் வேண்டும். புதியவர் பயிற்சியாளரிடம் பழகிய பின்னரே மேலேற வேண்டும். மூடிய சாய்வைக் கண்டு, 'இவ்வளவு தூரம் பணம் செலவழித்து வந்தோமே' என்று முணுமுணுப்பது மனித இயல்பு. மலை நம் செலவுக் கணக்கைப் பார்ப்பதில்லை.

நம் பள்ளித் திடலில் மின்னல் எச்சரிக்கை ஒலித்தால், பந்தாட்டத்தில் வெல்லும் தறுவாயில் இருப்பினும் மாணவரைக் கூரைக்கீழ் அழைத்து வருகிறோம். வானம் தெளிந்திருக்கிறதே என்று எந்த ஆசிரியரும் வாதிடுவதில்லை. மின்னலை நாம் அறிந்திருப்பதால் அவ்வெச்சரிக்கைக்கு உடனே பணிகிறோம். பனியை அறியாமையால், அதன் எச்சரிக்கையை அறிவிப்புப் பலகையின் அழகாகக் கண்டு கடந்து விடுகிறோம். ஆசிரியர்கள் இவ்விடுமுறைக்கு முன் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கி, பாகைமானியும் உளுந்தும் அட்டையும் கொண்டு விளக்குவார்களாயின், விமானம் ஏறும் பிள்ளைகளுள் சிலரேனும் பலகையில் எழுதியதைப் படித்துவிட்டு மேலேறுவார்கள்.